காரில் என்னென்ன இருக்கணும்

என் கணவர் ஒரு சித்திரை மாதக் காலையில், பேரளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரம் உட்கார்ந்தபடி மாரைப் பிடித்துக்கொண்டார். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். எனக்கு என்னவோ, காரின் ஸ்டெப்னியில் காற்று இல்லாததுதான் காரணம் என்று வெகுகாலம் பட்டுக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அவர் வக்கீல். பெரம்பலூரில் வீடு, அரியலூர் கோர்ட்டிலும் அவருக்குக் கேஸ்கள் உண்டு. அதற்காகத் திருச்சியில் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். கறுப்பு நிறம், உருண்டை முதுகு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தானே கழுவுவார். கண்ணாடியைத் துடைப்பார், கதவுப்பிடியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பின்னால் டிக்கியைத் திறந்து ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் பழைய சட்டப் புத்தகங்களும் கம்பி ஒடிந்த குடையும்தான் கிடந்தன. அவற்றுக்கு அடியில் ஸ்டெப்னி.

அன்று அரியலூரில் ஒரு கல்யாணம். ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் கிளம்பினோம். மகளுக்குப் பரீட்சை; ஸ்கூலுக்குப் போயிருந்தாள். பேரளி தாண்டியதும் பின்சக்கரம் ஒன்று வெடித்து, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. அவர் பதறாமல் ஓரம்கட்டினார்.

"பத்தே நிமிஷம். சக்கரத்த மாத்திட்டுப் போயிடலாம்" என்றார்.

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஜாக்கியை முட்டுக்கொடுத்துச் சுற்றினார். நட்டுகள் துருப்பிடித்திருந்தன. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தார். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ஒருவழியாகச் சக்கரத்தை மாற்றி, ஜாக்கியை இறக்கினார். கார் மெல்லக் கீழே வந்தது. வந்த வேகத்திலேயே மாட்டிய ஸ்டெப்னியும் சப்பையாகித் தரையோடு ஒட்டிக்கொண்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுலயும் காத்து இல்ல" என்றார், கோர்ட்டில் வாய்தா கேட்கிற குரலில். பிறகு, "பஸ்ஸு வரும். ஏறிப் போயிடுவோம். தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

தண்ணீர் இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் தட்டு இருந்தது, பூ இருந்தது, பழம் இருந்தது. தண்ணீர் எடுத்துவரத் தோன்றவில்லை. இடதுபக்கம் இரண்டு வயல் தள்ளி ஒரு மோட்டார் கொட்டகை தெரிந்தது. பட்டுப்புடவையோடு வரப்பில் ஓடினேன். கடலைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சொம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது அவர் கதவில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்திலிருந்து வியர்வை சொட்டியது. இரண்டு மடக்கு குடித்தார். மூன்றாவது மடக்கு வாயோரம் வழிந்தது.

"என்னங்க?"

"வலிக்குது" என்றார், சின்னப்பிள்ளை சொல்வதுபோல.

பஸ் வந்தது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம்விட்டார்கள். அவர் தலை என் மடியில் இருந்தது. அரியலூருக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே, என் கைக்குள் இருந்த அவர் கை கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டிரைவர் வேகத்தைக் குறைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். கூடவே வந்து நின்ற கண்டக்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முன்பின் தெரியாத மனிதர். அவர் அழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் மீதிப்பேர் காத்திருக்கிறார்களே, எப்போது கிளம்புவார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாம் முடிந்தது. நான் அழுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். என் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அழுதுடுடீ, உள்ளயே வச்சிருக்காத" என்றாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வர. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம்கூட வந்தது. அதைக் கண்டு சிலர் ஒரு மாதிரியாகப் பேசியதும் காதில் விழுந்தது. அதுவும் உள்ளே இறங்கவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

கார் நாலைந்து நாள் அந்த ரோட்டோரத்திலேயே நின்றது. என் கொழுந்தனார், அதாவது அவருடைய தம்பி, ஆள் வைத்துச் சக்கரங்களைச் சரிசெய்து ஓட்டிவரச் செய்து வாசலில் நிறுத்தினார். கொழுந்தனார் அரும்பாவூரில் விவசாயம் பார்க்கிறவர். காரியம் முடிந்த மறுநாள் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணி, துறையூர்ல ஒருத்தரு காரக் கேக்குறாரு. குடுத்துடலாம். இத வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.

"ஓட்ட ஆள் இல்லாம நின்னா துருப்புடிச்சிப் போயிடுங்க."

"இருக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அண்ணன் ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன் என்று கொழுந்தனார் எடுத்துக்கொண்டார் போல. ஞாபகம் என்று எதுவும் என் மனதில் இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் டவுனில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். அதை நடத்தியவர் ஒரு பாய், என் வயதுதான் இருக்கும். என் கணவருக்குத் தெரிந்தவர். என்னைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து ஸ்டூலைப் போட்டார்.

"வாங்கம்மா. சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வூட்டுக்கு வந்திருப்பேனே."

"பாய், கார்ல என்னென்ன இருக்கணும்?"

அவருக்குப் புரியவில்லை. "என்னென்னன்னா?"

"வழியில ஏதாவது ஆயிட்டா, கையில என்னென்ன இருக்கணும்? ஒண்ணுவிடாம சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

கணவருடைய கேஸ் கட்டிலிருந்து வெற்றுத்தாள் ஒன்றும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன். பாய் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு எதிரில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஸ்டெப்னி, அதில் எப்போதும் காற்று. அதற்கு மேல் ஒரு டியூப். கைப்பம்பு. பஞ்சர் ஒட்டுகிற சாமான். ஒரு ஃபேன்பெல்ட் கூடுதலாக. ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர், குடிக்க வேறே தண்ணீர். இழுத்துக் கட்ட நல்ல கயிறு. மண்ணில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு கோணி. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை. டார்ச். போர்வை. நான் எழுதிக்கொண்டே போனேன். அவர் நிறுத்திவிட்டு யோசித்தார்.

"இதெல்லாம் இருந்தாலும் ஆண்டவன் விதிச்சது நடக்கும்மா."

"வேற என்ன பாய்?"

"ம்... மழத்தண்ணியில எறங்கணும்னா பிளாஸ்டிக் தாளு கொஞ்சம். அவ்வளவுதான்." தயங்கிவிட்டுக் கேட்டார்: "டிரைவர் யாருங்கம்மா?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "இன்ஷா அல்லா, கத்துக்கலாம்மா" என்றார்.

அவரே சொல்லிக்கொடுத்தார். காலையில் எளம்பலூர் ரோட்டில் கார் போகும். நான் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில், பார்க்கிறவர்கள் தப்பாகப் பேசக்கூடாதே என்று மகள் பின்சீட்டில் பள்ளிப் புத்தகத்தோடு. கிளட்சை விடத் தெரியாமல் கார் குலுங்கிக் குலுங்கி நிற்கும். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வெட்கமாக இருக்கிறதா என்று மகள் கேட்டாள். வெட்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சக்கரம் மாற்றுவதை ஷெட்டில் வைத்தே கற்றேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாக்கியைச் சுற்றினேன். எதிர் டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது. நட்டு கழலவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். அப்போது பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவரும் அப்படித்தான் ஏறி நின்றார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒருவேளை ஒரு பெண் அப்படி ஏறி நிற்பதைப் பார்க்கச் சங்கடப்பட்டிருப்பார். மூன்றாவது தடவையில் நட்டு கழன்றது. ஒரு வாரத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் மாற்றத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்குச் செய்தி போய், ஊரிலிருந்து புறப்பட்டு வந்துவிட்டாள்.

"தாலியறுத்து ஒரு வருசம் ஆவல. காரோட்டிக்கிட்டுத் திரியுறியாமே. ஊரு என்னடி பேசும்?"

"பேசட்டும்மா."

"எங்க போவப்போற இத வச்சிக்கிட்டு?"

எங்கேயும் போகிற எண்ணம் இல்லை. லைசென்ஸ் வாங்கத் திருச்சிக்குப் போனபோது, பிரேக் இன்ஸ்பெக்டரும் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல வேற ஆள் இல்லையாம்மா?" என்றார். "இல்லைங்க சார்" என்றேன். அவர் காட்டிய இடத்தில் காரைத் திருப்பி, பின்னால் எடுத்து, நேராக நிறுத்திக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இன்னொன்றும் செய்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் எங்கெங்கே கிணறு இருக்கிறது, எங்கே பம்புசெட், எந்த ஊர்த் தபாலாபீசுக்குப் போன் கம்பி போகிறது, எங்கே சைக்கிள் கடையில் காற்றடிக்கலாம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். அந்த இடமும் வந்தது. காட்டில் கடலை பிடுங்கி முடித்திருந்தார்கள். "பம்புசெட், இடதுபக்கம்" என்று எழுதினேன். எழுத்து கோணவில்லை. கல்லுமாதிரி இருக்கிறோமே என்று அப்போது ஒருகணம் பயந்தேன். அந்தப் பயமும் அடுத்த ஊர் வருவதற்குள் போய்விட்டது. அடுத்த வாரம் திருச்சி ரோட்டுக்கும், அதற்கடுத்த வாரம் அரும்பாவூர் ரோட்டுக்கும் அதேபோல் குறித்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவுவதில்லை. டிக்கியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வாசலில் பரப்புவேன். ஸ்டெப்னியை அமுக்கிப் பார்ப்பேன், ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பேன். தண்ணீரை மாற்றுவேன். கயிற்றை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவேன். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். ஒரு தகர டப்பாவில் பஞ்சு, கட்டுத்துணி, டிஞ்சர், கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய மாத்திரைகள். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து மூடும்போது மத்தியானம் ஆகிவிடும்.

ஒருநாள் மகள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதெல்லாம் இனிமே எதுக்கும்மா? அப்பா செத்துட்டாருல்ல."

நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கார்கிட்ட இருக்குற நேரம்கூட நீ எங்கிட்ட இருக்குறதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நடந்து முடிந்துவிட்ட ஒன்றுக்காகத்தான் நான் காரைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. அன்று அவள் பின்னாலேயே போய் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். போகவில்லை. மீதிக் கயிற்றையும் சுற்றி முடித்தேன்.

அடுத்த வருடம் ஐப்பசி. தீபாவளி லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அரும்பாவூர் போயிருந்தேன். காரில்தான். கொழுந்தனார் மனைவி, என் ஓரகத்தி, அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தரித்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண், வாய் ஓயாமல் பேசுவாள். என்னிடம் யாரும் அப்படிப் பேசாதபோதும் அவள் பேசினாள். நாங்கள் போன நாளிலிருந்து மழை. பச்சைமலைப் பக்கம் வானம் கறுத்தே கிடந்தது.

மூன்றாம் நாள் காலை, பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். "அக்கா" என்று ஒரே ஒரு குரல். போய்ப் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வழியே ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

கொழுந்தனார் மழையில் ரோட்டுக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்தார். "பஸ்ஸு இல்லையாம். ஆத்துல தண்ணி வந்துடுச்சாம். நர்சம்மாவும் ஊர்ல இல்ல. என்ன அண்ணி பண்றது?"

"தூக்கிட்டு வாங்க தம்பி" என்றேன். கார்ச்சாவி இடுப்பில்தான் இருந்தது.

பின்சீட்டில் போர்வையை விரித்துப் படுக்கவைத்தோம். மகள் தானாகவே ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கொழுந்தனார் என் பக்கத்தில். நான் நினைத்ததைவிட நிதானமாகத்தான் ஓட்டினேன். என் உடம்பில் எதற்கும் அசையாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. அன்று அது உதவிக்கு வந்தது.

தரைப்பாலத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. அக்கரையில் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் இறங்கி, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் பத்தடி நடந்து பார்த்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. இழுப்பு இருந்தது, ஆனால் நிற்க முடிந்தது. திரும்பிவந்து பானட்டைத் திறந்து, பாய் சொல்லிக்கொடுத்திருந்தபடி ஸ்பேனரை எடுத்து டைனமோ போல்ட்டைத் தளர்த்தினேன்.

"என்ன பண்றீங்க?" கொழுந்தனார் கத்தினார்.

"ஃபேன்பெல்ட்டக் கழட்டணும் தம்பி. ஃபேன் சுத்துனா தண்ணிய வாரி பிளக்கு மேல அடிக்கும். நடு ஆத்துல நின்னுடும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா! அவ செத்துருவா அண்ணி! அப்படியே வுடுங்க, போயிடலாம்!"

போல்ட்டு சூடாக இருந்தது, கை பொத்துப்போனது. பெல்ட்டைக் கழற்றினேன். பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் நனையாமல் அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினேன். கொழுந்தனார் என்னென்னவோ சொல்லித் திட்டினார். அண்ணனைத் தின்றவள் என்றும் சொன்னார். மழைச் சத்தத்தில் அது எனக்குத் தெளிவாகவே கேட்டது. கட்டிமுடித்து பானட்டை மூடினேன்.

"தம்பி, இந்தக் குச்சிய வச்சி ஊனிக்கிட்டு முன்னாடி நடங்க. பாலம் எங்க இருக்குதுன்னு பாத்து நடங்க. நான் ஒங்க பின்னாலயே வரேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை விடாமல், அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கதவுக்கு அடியில் தண்ணீர் உள்ளே கசிந்து வந்தது. பின்சீட்டில் மகள், "ஒண்ணுமில்ல சித்தி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓரகத்தியிடமிருந்து சத்தமே இல்லை. நடுவில் ஓரிடத்தில் கார் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தது. கொழுந்தனார் திரும்பிப் பார்த்தார். அவர் வாய் கோணிக்கொண்டிருந்தது. கையை அசைத்து, வாங்க என்றேன். போங்க என்று சொல்ல நினைத்தது வாய்மாறி வந்துவிட்டது. அவர் திரும்பவும் நடந்தார்.

அக்கரையில் பஸ்ஸில் இருந்தவர்கள் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். மறுபடியும் பானட்டைத் திறந்து பெல்ட்டை மாட்ட வேண்டும். மாட்டாமல் ஓட்டினால் என்ஜின் கொதித்துவிடும். இந்தத் தடவை கொழுந்தனார் பேசவில்லை. நனைந்துபோய் நின்று, நான் கேட்கக் கேட்க ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிவரை வேறு எதுவும் நடக்கவில்லை. டயர் வெடிக்கவில்லை. தண்ணீர் கொதிக்கவில்லை. வழியெல்லாம் நான் எதற்காகவோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கார் பாட்டுக்கு ஓடியது.

அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை போய்விட்டது. ஆண் என்று நர்ஸ் வந்து சொன்னார். கொழுந்தனார் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் ஏதேதோ சொல்லிட்டேன் அண்ணி" என்றார்.

"பரவால்ல தம்பி."

அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் இருந்திருந்தால் குழந்தை தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்கலாமா என நினைத்தேன். கேட்கவில்லை. கொழுந்தனாரும் கேட்டமாதிரி தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் அதைப் பற்றி வாய்திறந்ததில்லை.

மழை விட்ட மத்தியானம், வாசலில் காரை நிறுத்திப் பின்சீட்டைக் கழுவினேன். மகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தாள். கழுவி முடித்தபோது அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். போல்ட்டு சுட்ட இடம் கொப்பளித்திருந்தது. உள்ளே ஓடிப் போய் எண்ணெய் எடுத்துவந்து தடவினாள். எரிந்தது. எரிகிறது என்று அவளிடம் சொன்னேன். ஊதினாள்.

ஒரு மாதம் கழித்து ஓரகத்தியைத் திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டியிருந்தது. நான்தான் கூட்டிப்போனேன். அறுவடை வேலை, கொழுந்தனாரால் வர முடியவில்லை. போகும்போதும் அவள் பேசவில்லை, டாக்டரம்மாவிடமும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். உடம்பு தேறிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.

திரும்பும்போது பாடாலூரில் ரோட்டோரம் நிறுத்தினேன். கூடையில் கொய்யாப்பழம் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். நாலு பழம் வாங்கி, கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, காகிதத்தில் வைத்து ஓரகத்தியிடம் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். மெட்ராஸ் லாரிகள் போகும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது.

"அக்கா."

"ம்."

"எனக்கு அழுவயே வரலக்கா. எல்லாரும் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. எப்ப அழுவான்னு. அவரு அழுவுறாரு, எங்கம்மா அழுவுது. நா சோறு திங்கிறேன். எனக்குள்ள ஏதாச்சும் கெட்டுப்போச்சாக்கா?"

கண்ணாடிக்கு வெளியே அந்தக் கொய்யாப்பழக்காரி அடுத்த பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வரல" என்றேன்.

"எதுக்கு?"

"அவரு போனதுக்கு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "பெரிய மாமாவுக்கா? ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

"ஒன்றர வருசமா?"

"ஒன்றர வருசமா."

அதற்கு அவள் ஐயோ என்று சொல்லவில்லை, பாவம் என்று சொல்லவில்லை. பிறகு, "நா ஒருத்திதான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். காகிதத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். இன்னொன்றை அவள் தின்றாள். காரமாக இருந்தது. நாலு பழத்தையும் தின்று முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். வழியில் அவள், அரும்பாவூரில் பக்கத்துவீட்டுக்காரி எருமை வாங்கிய கதையைச் சொன்னாள். முழுக் கதையும் சொன்னாள்.

அவளுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில். இரண்டு தடவையும் நல்ல வெயில், ரோடு காய்ந்து கிடந்தது, பஸ்ஸே போதுமாக இருந்தது. காரை நான் இன்னும் சில வருடம் வைத்திருந்தேன். தெருவில் யாருக்காவது அவசரம் என்றால் வந்து கதவைத் தட்டுவார்கள். ஓட்டிப் போவேன். சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. எண்பதுகளில் மகள் கல்யாணத்துக்கு முன்பு விற்றுவிட்டேன். பாய்தான் ஆள் பிடித்துக் கொடுத்தார்.

அழுகை வந்தது, கார் போனதற்கும் பிறகு. ஒரு சாதாரண மத்தியானம். கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். துண்டு, பாவாடை, தலையணை உறை. எதையும் நினைக்கவில்லை. தலையணை உறையை மடிக்கும்போது என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. என்னவென்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் நிற்கவில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"என்னம்மா? என்னாச்சு?"

சொல்ல முடியவில்லை. மடித்துவைத்த துணிகளைக் கைகாட்டினேன். அவள் மெல்லக் குனிந்து, துணிகளை நகர்த்திவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் பால்காரர் வந்து கூப்பிடும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.